சுவிஸ்: 50.7% பேர் ‘ஆம்’ என்ற பிறகும் தோற்றது எப்படி?

தென்கரை88:
2020 நவம்பர் 29 அன்று, பெருநிறுவனங்களின் பொறுப்பு பற்றிய மக்கள் முன்முயற்சிக்கு சுவிட்சர்லாந்தில் 50.7% ‘ஆம்’. ஆனாலும் தோல்வி. சமஷ்டி என்று பேச்செடுத்தாலே நம்மவர்கள் ‘சுவிஸ் மாதிரி’ என்கிறார்கள். பெரும்பான்மையே தோற்கிற இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது? எல்லாச் சட்டத்துக்கும் இப்படித்தானா? பன்டஸ்ராட்தானே அங்கே மேலவை, அது இதில் எங்கே வருகிறது?

கணக்கன்:
எல்லாச் சட்டத்துக்கும் இல்லை. நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான்.

அரசியலமைப்பைத் திருத்த வேண்டுமானால் இரட்டைப் பெரும்பான்மை கட்டாயம்: நாடு முழுக்க விழுந்த வாக்கில் பாதிக்கு மேல், அதோடு கன்டோன்களிலும் (சுவிஸின் மாநிலங்கள்) பாதிக்கு மேல். 18 மாதத்தில் 1,00,000 கையெழுத்து திரட்டிக் கொண்டுவரும் முன்முயற்சி அரசியலமைப்புத் திருத்தம்தான், அதனால் இரண்டையும் தாண்டியாக வேண்டும். நாடாளுமன்றம் நிறைவேற்றிய சாதாரணச் சட்டத்தை எதிர்த்து 100 நாளில் 50,000 கையெழுத்து வாங்கி வாக்கெடுப்புக்கு இழுத்தால் மக்கள் பெரும்பான்மை மட்டும் போதும். 8 கன்டோன்கள் சேர்ந்தும் அப்படி இழுக்கலாம். வரிச் சலுகைத் தொகுப்பு ஒன்றை அப்படித்தான் 2004-இல் கவிழ்த்தார்கள்.

இனி எண்ணிக்கை. 26 கன்டோன், ஆனால் 23 ஓட்டு. 20 கன்டோன்களுக்கு முழு ஓட்டு. ஒப்வால்டன், நிட்வால்டன், இரண்டு பாசல், இரண்டு அப்பென்செல் ஆகிய ஆறுக்கும் அரை ஓட்டு. ஒரு கன்டோனுக்குள் மக்கள் எந்தப் பக்கம் சாய்ந்தார்களோ அதுவே அந்தக் கன்டோனின் ஓட்டு. 2020-இல் ‘ஆம்’ 8½, ‘இல்லை’ 14½. ஜூரிக், ஜெனீவா போன்ற நகரக் கன்டோன்களில் குவிந்த ‘ஆம்’ எத்தனை ஆயிரம் கூடினாலும் அந்தக் கன்டோன் ஓர் ஓட்டைத் தாண்டாது. ஊரி கன்டோனின் மக்கள்தொகை சுமார் 37,000. ஜூரிக்கினுடையது அதைப்போல் 40 மடங்கு. இரண்டுக்கும் தலா ஒன்று.

பழஞ்சுவடி:
வேர் 1847-இல் இருக்கிறது. அதற்கு முன் 1815 ஒப்பந்தப்படி 22 கன்டோன்களுக்கும் பொதுச்சபையில் ஆளுக்கொரு ஓட்டு. தூதர்கள் ஊரிலிருந்து வாங்கிவந்த அறிவுறுத்தலை மீறிக் கை தூக்க முடியாது. புதிதாக ஏதும் எழுந்தால் திரும்பிப் போய்க் கேட்டு வர வேண்டும். ஏழு கத்தோலிக்கக் கன்டோன்கள் தனியணி கட்ட, நவம்பரில் போர் மூண்டது. மத்தியப் படைத் தளபதி டுஃபூர் தலைமையில் ஒரு மாதத்துக்குள் அந்த ஏழும் தோற்று முடிந்தது, இறந்தவர்கள் நூறு பேர் அளவில்தான். தோற்றவர்களை நசுக்காமல் உள்ளே வைத்துக்கொள்ளத்தான் அமெரிக்க மாதிரியில் ஈரவை: ஒன்று மக்கள்தொகைப்படி, மற்றது கன்டோனுக்கு இரண்டு இடம் (அரை ஓட்டுக் கன்டோனுக்கு ஒன்று). கன்டோன் ஓட்டும் அதே பேரத்தின் இன்னொரு பாதி.

வேடிக்கை என்னவென்றால், பழைய ஒப்பந்தத்தை மாற்ற எல்லாரும் ஒப்ப வேண்டும். 15½ கன்டோன்கள்தான் ஒப்பின, 6½ மறுத்தன. ஆனாலும் 1848 செப்டம்பர் 12 அன்று புதிய அரசியலமைப்பு ஏற்கப்பட்டதாக அறிவித்துவிட்டார்கள். லுசர்னில் வாக்களிக்க வராதவர்களைக்கூட ‘ஆம்’ பக்கம் சேர்த்தார்கள். கண்டிப்பாகச் சொன்னால், பழைய சட்டத்தை மீறிப் பிறந்த அரசியலமைப்பு அது.

மேலவைக்காரன்:
பன்டஸ்ராட் குழப்பம்: அது ஜெர்மனியில் மேலவை, சுவிஸில் ஏழு பேர் கொண்ட அமைச்சரவை. சுவிஸ் மேலவையின் பெயர் ஸ்டாண்டராட், 46 இடம். ஜெர்மன் பன்டஸ்ராட்டில் உட்காருவது மாநில அரசின் ஆட்கள். மாநிலத்துக்கு 3 முதல் 6 வரை ஓட்டு, அவ்வளவையும் ஒரே பக்கமாகத்தான் போட வேண்டும். ஸ்டாண்டராட் உறுப்பினருக்குக் கன்டோன் அரசு கட்டளையிட முடியாது. 1848-க்கு முந்தைய அனுபவம் கற்றுக்கொடுத்தது அது.

இரு அவைக்கும் சம அதிகாரம். ஒரு மசோதாவில் ஒத்துவரவில்லையென்றால் ஒவ்வோர் அவையிலும் மூன்று சுற்று, பிறகு அவைக்கு 13 பேர் வீதம் சமரசக் கூட்டம். அங்கே எட்டிய முடிவை ஏதாவது ஓர் அவை தள்ளினாலும் மசோதா செத்தது. இந்திய பாணிக் கூட்டுக்கூட்டம் போட்டு எண்ணிக்கை பலத்தால் ஜெயிக்க வழியில்லை.

தென்கரை88:
நன்றி. 11½-க்கு 11½ என்று வந்தால்? மத்திய அரசு சட்டத்தால் கன்டோன் அதிகாரத்தைப் பறித்தால் நீதிமன்றம் தடுக்குமா?

கணக்கன்:
சமம் என்றால் தோல்வி. 1975 மார்ச்சில் பொருளாதாரக் கொள்கை பற்றிய திருத்தத்துக்கு 52.8% ஆதரவு; கன்டோன்கள் 11-க்கு 11. விழுந்தது. (ஜூரா 1979-இல்தான் தனிக் கன்டோன் ஆனது. அதற்கு முன் மொத்தம் 22.)

நீதிமன்றம் தடுக்காது. பிரிவு 190-இன்படி, மத்தியச் சட்டம் அரசியலமைப்புக்கு முரணாக இருந்தாலும் நீதிமன்றம் அதைப் பின்பற்றியே ஆக வேண்டும். கன்டோன்களின் பிடி வேறு இடத்தில் இருக்கிறது: வருமான வரியும் மதிப்புக் கூட்டு வரியும் வசூலிக்க மத்திய அரசுக்கு உள்ள அதிகாரமே 2035 இறுதியில் காலாவதியாகிறது. நீட்டிக்க மறுபடியும் மக்கள், கன்டோன் இரண்டு தரப்பிலும் ‘ஆம்’ வாங்க வேண்டும்.