சொந்தமாக எழுதிய ஆர்பிஜி நூலை வெளியிட்டபோது: உறுப்பினர்களின் அனுபவங்கள்

செந்தூல், கோலாலம்பூர்

கடாரத் துறைமுகத்தைக் களமாகக் கொண்டு எங்கள் குழு ஆடிவந்த கதையை நூலாக்கி விற்பனைக்குக் கொண்டுவந்தபோது கற்றுக்கொண்டவற்றை, இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். ஆர்பிஜி என்பது ஆளுக்கொரு பாத்திரமேற்று, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் மேசை விளையாட்டு. அவ்வகையில் நாங்கள் ஆடியது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற விளையாட்டின் 5ஆம் பதிப்பு விதிகளில். வீட்டு மேசையைச் சுற்றி நண்பர்கள் ஆடும்வரை எந்த அரக்கனை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று யாரும் கேட்கப்போவதில்லை. விலைக்கோ இலவசமாகவோ அதைப் பிறர் கையில் கொடுக்கத் துணிந்தால், ஒவ்வொரு பக்கமும் யாருடையது என்ற கேள்விக்கு நம்மிடம் பதில் இருந்தாக வேண்டும்.

விளையாட்டின் விதி வேறு, அந்த விதியை எழுதியிருக்கும் வாசகம் வேறு. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், கருத்து, செயல்முறை, இயக்கும் முறை, கணிதக் கருத்து ஆகியவற்றுக்குப் பதிப்புரிமைப் பாதுகாப்பு இல்லை என்று 7ஆம் பிரிவிலேயே சொல்லிவிடுகிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 1879ஆம் ஆண்டின் பேக்கர் எதிர் செல்டன் வழக்கில், கணக்கு எழுதும் முறையை விளக்கும் நூலுக்கு உரிமை உண்டே தவிர அந்த முறைக்கு இல்லை என்றது. ஆகவே இருபது முகப் பகடையை உருட்டி, திறனுக்கான எண்ணைக் கூட்டி, இலக்கைத் தொட்டால் வெற்றி என்பதை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. அதை விளக்கும் பத்தி, மந்திரத்தின் வர்ணனை, அரக்கனின் பூர்வ கதை, வரைபடம், ஓவியம் ஆகியவை எழுதியவருக்கும் வரைந்தவருக்கும் சொந்தம். விளையாட்டின் பெயரும் சின்னமும் வணிகச் சின்னச் சட்டத்தின் கீழ் வருபவை. நம் நாட்டில் அதற்கு 2019ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது.

எங்கள் குழுவில் மிக நீண்ட விவாதம் எந்த வழியில் வெளியிடுவது என்பதைப் பற்றித்தான் நடந்தது. முதல் வழி எஸ்ஆர்டி எனப்படும் அடிப்படை விதித்தொகுப்பு. 2000ஆம் ஆண்டிலிருந்து ஓஜிஎல் என்ற திறந்த விளையாட்டு உரிமத்தை நம்பிப் பலர் நூல் வெளியிட்டு வந்தார்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிடும் விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் அந்த உரிமத்தை மாற்றப்போகிறது என்ற செய்தி 2023 ஜனவரியில் கசிந்ததும் உலகெங்கும் எதிர்ப்பு கிளம்பியது. அம்மாத இறுதியில் அந்நிறுவனம் எஸ்ஆர்டி 5.1 முழுவதையும் கிரியேட்டிவ் காமன்ஸ் அட்ரிபியூஷன் 4.0 உரிமத்தில் வெளியிட்டது. மூலத்தைக் குறிப்பிட்டால் யாரும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்னும், ஒருமுறை தந்தால் திரும்பப் பெற முடியாத உரிமம் அது. 2025இல் 5.2 தொகுப்பும் அவ்வாறே வந்தது. அவர்கள் கொடுத்திருக்கும் நன்றி வாசகத்தை எழுத்து மாறாமல் அச்சிட வேண்டும், அதற்கு மேல் அந்நிறுவனத்தின் பெயரைச் சொல்லி எதுவும் சேர்க்க வேண்டாம் என்று 5.1 தொகுப்பு கேட்டுக்கொள்கிறது. ஐந்தாம் பதிப்போடு பொருந்துவது என்று மட்டும் குறிப்பிட்டுக்கொள்ளலாம்.

இரண்டாம் வழி, அந்நிறுவனத்தின் அனுமதியோடு ரசிகர்கள் தங்கள் நூல்களை விற்கும், 2016இல் தொடங்கிய டிஎம்ஸ் கில்ட் இணையதளம். அங்கே நிறுவனத்துக்குச் சொந்தமான ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் போன்ற உலகங்களைப் பயன்படுத்தலாம். விற்பனையில் பாதி எழுதியவருக்குக் கிடைக்கும். ஆனால் அங்கே வெளியிட்டதை வேறெங்கும் விற்க முடியாது. நீங்கள் அதில் புதிதாகப் படைத்த பாத்திரங்களை அத்திட்டத்தில் எழுதும் மற்றவர்களும் எடுத்தாளலாம். அவர்களின் உலகத்தில் எழுத ஆசைப்படுபவருக்கு இது நியாயமான ஏற்பாடு என்றே நினைக்கிறேன். எங்கள் கதையோ கடாரத்தில் நடக்கிறது. ராஜேந்திர சோழனின் 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பும், பூஜாங் பள்ளத்தாக்கின் சண்டிகள் எனப்படும் பழங்கோயில்களும் யாருடைய முன்னனுமதியும் இல்லாமல் நமக்குக் கிடைத்திருக்கும்போது, அவற்றை ஒரே கடையில் பூட்டி வைக்க எங்களுக்கு மனம் வரவில்லை. முதல் வழியைத் தேர்ந்தோம்.

இந்த முடிவை எழுதத் தொடங்குமுன் எடுப்பது மிக முக்கியம். எந்த வழி என்று தெரிந்தால்தான் எந்த அரக்கனைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பது தெரியும். பிஹோல்டர், மைண்ட் ஃபிளேயர் போன்றவற்றின் விவரங்கள் எஸ்ஆர்டி தொகுப்பில் சேர்க்கப்படவில்லை. நிறுவனம் தனக்கென வைத்துக்கொண்டவை அவை. அந்த விளையாட்டின் தொடக்க காலத்தில் தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் எழுதிய டோல்கீனின் படைப்புகளின் உரிமையாளர் தரப்பு எதிர்ப்புத் தெரிவித்த பிறகு, அதன் நூல்களிலும் ஹாபிட் ஹாஃப்லிங்காகவும் பால்ராக் பேலராகவும் மாறின. இந்தக் கலையின் மூத்த நூலுக்கே நேர்ந்தது இது.

எங்கள் முதல் வரைவில் நாற்சந்தி ஒன்றைக் காவல் காக்க நிறுவனத்துக்குச் சொந்தமான அரக்கன் ஒன்று நின்றது. அதை எடுத்துவிட்டு அங்கே சதுக்கப் பூதத்தை வைத்தோம். சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவு ஊரெடுத்த காதையில் வரும் பூதம் அது. பொய்த் தவசி, ஒழுக்கம் தவறியவள், அரசனை வஞ்சிக்கும் அமைச்சன், பிறர்மனை நயப்பவன், பொய்ச்சாட்சி சொல்பவன், புறங்கூறுபவன் என அறுவகையினர் தன் கைப் பாசக்கயிற்றில் சிக்குவார்கள் என்று நான்கு காதம் கேட்கும்படி அது குரலெழுப்புகிறது. இதைவிட ஆட்டத்துக்கு ஏற்ற அரக்கன் வேறு உண்டா? பாசக்கயிறு அதன் தாக்குதல் ஆயிற்று. நான்கு காதம் அதன் குரலின் எல்லை ஆயிற்று. ஆட்டக்காரர் அன்று அந்த ஊரில் பொய்ச்சாட்சி சொல்லியிருந்தால் அவர் பகடையைத் தாழ்வான வாய்ப்போடு, அதாவது இருமுறை உருட்டிக் குறைந்த எண்ணை எடுக்கும்படி, உருட்ட வேண்டும் என்று விதி எழுதினோம். ஆடிப் பார்த்தபோது, எதிரி தன்னைத் தாக்குமோ என்ற கவலையை விட, தான் முந்திய அமர்வில் என்ன சொன்னோம் என்ற கவலை ஆட்டக்காரர்களைப் பிடித்துக்கொண்டது. மூலநூல் எல்லோருக்கும் பொது. அண்மைக் காலத்தவர் எழுதிய உரை பொதுவாகாது. அதனால் பூதத்தின் வர்ணனையை எந்த உரையிலிருந்தும் எடுக்காமல் செய்யுளிலிருந்தே எங்கள் சொற்களில் எழுதினோம்.

ஜார்ஜ்டவுன், பினாங்கு

நான் ஓவியர். மேலே எழுதியவர் விதியையும் வாசகத்தையும் பற்றிச் சொன்னார். படத்தைப் பற்றி நான் சொல்கிறேன். சோழர் காலக் கதையொன்றை நூலாக்கும் ஓர் இளைஞர் அட்டைப்படத்துக்காக என்னிடம் வந்தார். “அக்கா, சினிமாவுல வர்ற மாதிரியே குந்தவையை வரைஞ்சு குடுங்க. பேரை மட்டும் வேற வச்சிக்கிறேன்” என்றார். அவர் கேட்டது நேர்தலைகீழ். குந்தவை கல்வெட்டுகளில் வாழும் வரலாற்றுப் பெண். அந்தப் பெயரை யாரும் வைத்துக்கொள்ளலாம். திரையில் நடித்தவரின் முகமும், அந்தப் படத்துக்கென வடிவமைத்த உடையும் நகையும்தான் நாம் தொடக்கூடாதவை. அந்தப் படத்தின் மூலமான பொன்னியின் செல்வன் நாவலை எழுதிய கல்கி 1954இல் மறைந்தார். அவருடைய எழுத்துகளைத் தமிழக அரசு நாட்டுடைமையாக்கிவிட்டது. எனவே அவர் கற்பனையில் பிறந்த நந்தினியைக்கூட நம் கதையில் நடமாட விடலாம். ஆனால் 2022, 2023 ஆண்டுகளில் வெளிவந்த திரைப்படங்கள் தனிப் படைப்புகள். அந்தத் தொடருக்குப் பத்திரிகையில் வரையப்பட்ட ஓவியங்களின் உரிமையையும் ஓவியர் மறைந்த ஆண்டை வைத்துத் தனியே கணக்கிட வேண்டும். இந்தக் கணக்கு நாட்டுக்கு நாடு மாறும். மலேசியாவில் படைப்பாளி மறைந்து 50 ஆண்டுகள், இந்தியாவில் 60 ஆண்டுகள். 1974இல் மறைந்த ஒருவரின் நூல் இங்கே 2025 தொடக்கத்திலேயே பொதுவாகிவிடும், இந்தியாவில் 2034 முடியும்வரை ஆகாது. பிடிஎஃப் இரு நாடுகளிலும் விற்கும் என்பதால் நீண்ட கணக்கையே பின்பற்றுங்கள் என்பது என் கருத்து.

அந்த இளைஞருக்காக மெர்போக்கில் உள்ள தொல்லியல் அருங்காட்சியகத்துக்குப் போய், அங்கிருந்த சிற்பங்களையும் புக்கிட் பத்து பகாட் சண்டியின் படிக்கட்டுகளையும் நானே பார்த்துக் கோட்டோவியமாக எழுதிக்கொண்டு வந்தேன். இணையத்தில் கிடக்கும் புகைப்படத்தைப் பார்த்து வரைந்தால் புகைப்படக்காரரின் உரிமை குறுக்கே வரலாம். கல்லைப் பார்த்து வரைந்தால் வராது. அட்டையில் குந்தவை பாதி இருளில் நின்று ஓலை படிக்கிறாள். கையும் ஓலையும்தான் வெளிச்சத்தில் இருக்கின்றன. அவருக்கு அது பிடித்துப்போயிற்று.

ஒப்பந்தம் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் பலர் இதில் தவறான எண்ணத்தோடு இருக்கிறார்கள். நம் சட்டத்தின் 26ஆம் பிரிவின்படி, பணம் கொடுத்து ஒருவரிடம் படைப்பைச் செய்யச் சொன்னால், வேறு உடன்பாடு இல்லாதவரை பதிப்புரிமை செய்யச் சொன்னவருக்கு மாறியதாகக் கருதப்படும். பல நாடுகளில் இது இப்படி இல்லை. ஓவியரிடமே உரிமை தங்கும். ஆகவே வெளிநாட்டு ஓவியரிடம் படம் வாங்குபவர்கள் எழுத்தில் எதுவும் இல்லாமல் அச்சுக்குப் போகவே கூடாது. உள்ளூர் ஓவியர்களும் தாங்கள் எதைக் கொடுக்கிறோம் என்று எழுதிக் கொடுப்பதே முறை. நான் ஒரு பக்கத் தாளில் எழுதுகிறேன்: நூலின் அட்டைக்கும் விளம்பரத்துக்கும் மட்டும், சட்டையிலோ கோப்பையிலோ அச்சிட வேறு தொகை, ஓவியர் பெயர் உள்ளே இருக்க வேண்டும். நான் படம் கொடுத்த அச்சகத்தில் இருந்த அண்ணன் முதலில் கேட்டதும் அந்தத் தாளைத்தான்.

பட்டர்வொர்த், பினாங்கு

என் அனுபவம் மறுபக்கத்திலிருந்து. நான் எழுதி இணையத்தில் விற்ற, தீவில் நடக்கும் சாகச ஆட்ட நூல் ஒன்றை, ஒரு விற்பனையாளர் அட்டையை மட்டும் மாற்றி அச்சடித்து விற்பதை ஒரு சந்தையில் பார்த்தேன். தற்செயலாக ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும் கதையாக இருக்கலாம் என்று முதலில் நினைத்தேன். வரைபடத்தைத் திறந்தபோது ஐயம் தீர்ந்தது. கீழ் மூலையில் என் அம்மா பிறந்த தோட்டத்தின் பெயரை நான் ஒரு சிற்றோடைக்கு வைத்திருந்தேன். அந்த ஓடை அங்கேயே, அதே வளைவோடு ஓடிக்கொண்டிருந்தது.

படைப்பு உருவானதுமே பதிப்புரிமை நமக்கு வந்துவிடுகிறது, எங்கும் பதிய வேண்டியதில்லை. இருந்தாலும் மலேசிய அறிவுசார் சொத்துக் கழகமான மைஐபிஓவில் விரும்பினால் அறிவித்துப் பதிந்துகொள்ளும் ஏற்பாடு 2012 முதல் இருக்கிறது. சத்தியப் பிரமாணப் பத்திரமும் படைப்பின் படியும் கட்டணமும் கொடுத்துப் பதிந்தால், அந்தப் பதிவேட்டின் சான்றளிக்கப்பட்ட பகுதி நீதிமன்றத்தில் முதல்நிலைச் சான்றாக ஏற்கப்படும். நான் முன்பே பதிந்திருந்தேன். பதிவையும் தேதியிட்ட பழைய வரைவுகளையும் காட்டி மரியாதையாக ஒரு கடிதம் அனுப்பினேன். அவர் மிச்சமிருந்த பிரதிகளை எடுத்துவிட்டார். அந்த நூலில் புயலுக்கென நான் வகுத்த விதியை அவர் தம் சொற்களில் எழுதித் தமக்கென்று ஒரு தீவைப் படைத்திருந்தால் நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். விதி பொதுச்சொத்து என்பது எனக்கு எதிராகவும் செல்லும்தானே?

பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்

மொழிபெயர்ப்பைப் பற்றி யாரும் எழுதவில்லை. நான் தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர்கள் சிலரை வைத்து ஆட்டம் நடத்துகிறேன். அவர்களில் ஒருவர் கடையில் விற்கும் ஆட்டக்காரர் கையேட்டின் அத்தியாயங்களை அழகான தமிழில் பெயர்த்து வாட்சாப் குழுவில் பகிரத் தொடங்கினார். “இலவசமாத்தானே சார் குடுக்கறேன்” என்றார். அவர் உழைப்பு மெய்சிலிர்க்க வைத்தது. ஆயினும் மொழிபெயர்க்கும் உரிமையும் மூல நூலின் உரிமையாளருக்குரியது, காசு வாங்காததால் அது நம்முடையதாகிவிடாது என்று அவரை உட்காரவைத்து விளக்கினேன்.

அவர் சோர்ந்துவிடக் கூடாது என்பதால் எஸ்ஆர்டி 5.1 தொகுப்பைக் கையில் கொடுத்தேன். அதன் உரிமம் மொழிபெயர்ப்பையும் விற்பனையையும்கூட அனுமதிக்கிறது. மூலத்தைக் குறிப்பிட்டு, மாற்றம் செய்யப்பட்டிருக்கிறது என்று சொன்னால் போதும். நிறுவனமே அதைப் பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலிய, ஸ்பானிய மொழிகளில் வெளியிட்டிருக்கிறது. தமிழில் செய்ய வேண்டியது நாம்தான். இப்போது அவர் மந்திரங்களின் பட்டியலில் இருக்கிறார். எழுத்துருவுக்கு நோட்டோ தமிழைப் பயன்படுத்துகிறார். திறந்த எழுத்துரு உரிமத்தில் இருப்பதால் வணிக நூலிலும் தயங்காமல் பதிக்கலாம். எங்கிருந்தோ கைமாறி வந்த எழுத்துருக்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

செந்தூல், கோலாலம்பூர்

5ஆம் பதிப்பு வேண்டாம் என்பவர்கள் என்ன செய்வது என்று இருவர் தனியே கேட்டிருந்தார்கள். ஃபேட், பிளேட்ஸ் இன் தி டார்க் ஆகிய விளையாட்டுகளின் விதித்தொகுப்புகளும் கிரியேட்டிவ் காமன்ஸ் அட்ரிபியூஷன் உரிமத்தில், 3.0 பதிப்பில் கிடைக்கின்றன. மற்றொரு ஆர்பிஜி வெளியீட்டாளரான பைஸோ நிறுவனம் முன்னின்று உருவாக்கிய ஓஆர்சி என்ற திறந்த விளையாட்டு உரிமம் 2023இல் முழுமை பெற்றது. கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பெயரைப் பார்த்ததும் நிம்மதியடைந்துவிடாதீர்கள். வணிகம் கூடாது என்றும், மாற்றக் கூடாது என்றும் நிபந்தனை விதிக்கும் வகைகளும் அதே குடும்பத்தில் இருக்கின்றன. நாங்கள் எடுத்த தொகுப்பின் கோப்பையும் அதன் உரிமப் பக்கத்தையும் பதிவிறக்கிய தேதியோடு ஒரே உறையில் சேமித்து வைத்திருக்கிறோம். நன்றி வாசகம் எங்கள் நூலில் உள்ளட்டைக்கு அடுத்த பக்கத்தில், ஓவியர் பெயருக்கு நேர் கீழே, மற்ற எழுத்தின் அதே அளவில் அச்சாகியிருக்கிறது.