'ஜஸ்டிஸ்' ஆல்பத்தில் பேஸ் எங்கே போனது?

தடிக்கம்பி:
அடி ஒலி தருகிற பேஸ் கிட்டார் பழகிக்கொண்டிருக்கிறேன். கூடவே வாசித்துப் பார்க்கலாம் என்று மெட்டாலிகா என்ற அமெரிக்க மெட்டல் இசைக்குழுவின் '...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' (1988) ஆல்பத்தைப் போட்டேன். முதல் பாடல் 'பிளாக்கண்ட்' முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டும் பேஸ் அகப்படவே இல்லை. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவில் அடி ஒலியை ஏற்றினால், காலால் மிதித்து அடிக்கும் கிக் டிரம்தான் மண்டையில் இடிக்கிறது. முந்தைய 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' ஆல்பத்தில் இந்தத் தொல்லை இல்லையே? 2018இல் வந்த ரீமாஸ்டரை வாங்கினால் சரியாகுமா?

இரட்டைமிதி:
ஆகாது. ரீமாஸ்டர் என்பது கலந்து முடித்த ஒலிக்கு மெருகு போடுவது. கலவையில் இல்லாதது அதில் எப்படி வரும்?

கேசட்காலம்:
பேஸ் பதிவாகத்தான் இருக்கிறது, அமுக்கிவிட்டார்கள். வாசித்தவர் ஜேசன் நியூஸ்டெட். 1986 செப்டம்பரில் ஸ்வீடனில் குழுவின் பஸ் கவிழ்ந்து, பேஸ் வாசித்துவந்த கிளிஃப் பர்ட்டன் இறந்த பிறகு அந்த இடத்துக்கு வந்தவர். மிக்ஸிங், அதாவது ஒலிக்கலவை செய்த இருவரில் ஒருவரான ஸ்டீவ் தாம்ப்சன், டிரம்மர் லார்ஸ் உல்ரிச் பேஸைக் குறைக்கச் சொன்னார் என்று பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

அது மட்டும் காரணமில்லை. நியூஸ்டெட் பெரும்பாலும் ரிதம் கிட்டாரின் ரிஃப்பையே (திரும்பத் திரும்ப வரும் இசைத்துணுக்கு) அச்சு அசலாகப் பின்தொடர்கிறார். அந்த ரிதம் கிட்டாரை வாசிக்கும் பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டின் கிட்டாரோ நடு ஒலியைக் குடைந்தெடுத்துவிட்டு, அடி ஒலியில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. இரண்டும் ஒரே சுரம், ஒரே இடம். சத்தத்தையும் குறைத்துவிட்டால் பேஸ் எப்படிக் கேட்கும்? இத்தனைக்கும் இந்த ஆல்பத்தில் நியூஸ்டெட்டின் பெயரும் சேர்ந்து வருகிற ஒரே பாடல் நீங்கள் கேட்ட 'பிளாக்கண்ட்'தான். கொடுமை!

வாசிப்பில் குறை என்று மட்டும் நினைக்காதீர்கள். அதற்கு முந்தைய ஆண்டு வந்த 'கராஜ் டேஸ்' குறுந்தொகுப்பைப் போடுங்கள். அதே ஆள்தான், பேஸ் கணீரென்று இருக்கும்.

இரட்டைமிதி:
எனக்கு என்னவோ அந்த வறண்ட ஒலிதான் பிடிக்கும். 'ஒன்' பாடலின் பின்பாதியில் டிரம்மரின் இரண்டு கால்களும் கிட்டாரும் சேர்ந்து இயந்திரத் துப்பாக்கி மாதிரி விட்டு விட்டு அடிக்குமே, அங்கே தடித்த பேஸ் வந்தால் அந்த வெட்டு மழுங்கிவிடும். டிரம்ஸ் வாசிப்பவன் இப்படித்தான் சொல்வான் என்று திட்டாதீர்கள்.

கேசட்காலம்:
திட்டவில்லை. அந்த இடத்துக்கு ஒப்புக்கொள்கிறேன். அதற்காக அறுபத்தைந்து நிமிடமும் அப்படியேவா?

தடிக்கம்பி:
அப்போ இந்தப் பாடல்களை எதை வைத்துப் பழகுவது? ரசிகர்கள் பேஸை ஏற்றிக் கலந்தவை இணையத்தில் கிடைக்கின்றனவே, அவற்றை நம்பலாமா?

கேசட்காலம்:
சிலவற்றில் பேஸ் புதிதாக வாசித்துச் சேர்த்தது, அசல் இல்லை. எனவே மேடைப் பதிவுக்குப் போங்கள். 1993இல் வந்த 'லைவ் ஷிட்' பெட்டித் தொகுப்பில் 1989 சியாட்டில் கச்சேரியின் வீடியோ உண்டு. தொடக்கமே 'பிளாக்கண்ட்'தான். நியூஸ்டெட் பிக் (கம்பியை மீட்டும் சின்ன வில்லை) வைத்து, கீழ்நோக்கி மட்டும் வெட்டி வெட்டி அடிக்கிற இடங்களைப் பாருங்கள், வலது கை எப்படி ஓட வேண்டும் என்று பிடிபடும். முதலில் வேகத்தைப் பாதியாக்கிக்கொண்டு வாசியுங்கள், இல்லையென்றால் மணிக்கட்டு போய்விடும்.

அப்புறம், மெட்டாலிகாவின் 1991 ஆல்பத்தில் 'மை ஃபிரெண்ட் ஆஃப் மிசரி' கேளுங்கள். பேஸில்தான் ஆரம்பிக்கும்.