புதுப்பிப்பு: ஹோல் சா பற்கள் மழுங்கும் பிரச்சினை தீர்ந்தது

துருப்பிடிக்காத எஃகுத் தகட்டில் 35 மி.மீ. துளை போடும்போது ஹோல் சாவின் (டிரில்லில் மாட்டி வட்டத் துளை வெட்டும் கிண்ண வடிவ ரம்பம்) பற்கள் சட்டென்று மழுங்கிவிடுகின்றன என்று முன்பு கேட்டிருந்தேன். வேகத்தைக் குறைக்கச் சொன்ன நண்பர்களுக்கு மனமார்ந்த நன்றி. கோளாறு அங்கேதான் இருந்தது.

25 மி.மீ. ஹோல் சாவைவிட 50 மி.மீ. ஹோல் சாவின் பல் ஒரு சுற்றில் இருமடங்கு தூரம் ஓடுவதால், விட்டம் கூடக்கூடச் சுழற்சியைக் குறைத்தாக வேண்டும். இந்த எஃகில் பற்கள் வெட்டாமல் வெறுமனே உரசினால், சூடேறுவதோடு வெட்டுமிடமே இறுகிக் கடினமாகிவிடும். ஆகவே டிரில்லின் கியரைத் தாழ்த்தி, வெட்டெண்ணெய் விட்டு, அழுத்தத்தைச் சீராக வைத்தேன். தூளுக்குப் பதிலாகச் சுருள் சுருளாகச் சீவல் வரத் தொடங்கியதுமே வெட்டு சரியாக நடப்பது தெரிந்துவிட்டது.

மரத்தில் ஹோல் சா போடும்போது புகை வருவதற்குக் காரணம் வேறு: தூள் வெளியேற வழியில்லாமல் பள்ளத்திலேயே அடைந்துகொள்கிறது. வெட்டுக்கோட்டின் மீது, கழிவாகப்போகும் உட்பக்கமாகச் சாய்த்து, சிறு துளை ஒன்றை முதலிலேயே போட்டுவிட்டால் தூள் அதில் விழுந்துவிடும். ஹோல் சாவின் நடுவிலுள்ள பைலட் பிட்டின் (வழிகாட்டும் மெல்லிய துளைப்பான்) முனை மறுபுறம் எட்டிப்பார்த்தவுடன் நிறுத்தி, பலகையைத் திருப்பி அங்கிருந்து வெட்டினால் விளிம்பு பிய்யாது. என் கருத்தில் இது தவிர்க்கவே கூடாத படி.

டைல்ஸுக்குப் பல் வைத்தது உதவாது. வைரத்துகள் பதித்ததுதான் வேண்டும், தண்ணீரும் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.