அப்பச்சோடாவும் கல்சியம் குளோரைட்டும்: 150 லீற்றர் பவளத் தொட்டிக்கு வீட்டிலேயே கலக்கலாமோ?

வெள்ளவத்தை_மூண்டடி:

எல்லாருக்கும் வணக்கம். வெள்ளவத்தையில மூண்டாம் மாடியில இருக்கிறம். மூண்டடித் தொட்டி, கல்லும் மண்ணும் போகத் தண்ணி 150 லீற்றர். ஒன்றரை வருசமா மென்பவளம் மட்டும்தான் இருந்தது. இப்ப எலும்பு கட்டுற கல்பவளமும் இருக்கு: ஹாமர் ஒண்டு, மொன்டிபோரா ரெண்டு, விரல் நீளத்தில அக்ரோபோரா ஒண்டு. எல்லாம் தொட்டியில வளர்த்து வெட்டின துண்டுகள். அதுகள் வந்த பிறகு அல்கலினிட்டி (தண்ணியில கரைஞ்சிருக்கிற காபனேற்று அளவு, டிகேஎச் எண்ட அலகில பார்க்கிறது) நிக்குதில்லை. ஞாயிறு பின்னேரம் 8.4 டிகேஎச், புதன் பின்னேரம் 6.9. கல்சியம் 395 பிபிஎம் (லீற்றருக்கு மில்லிகிராம்), மக்னீசியம் 1180.

அல்கலினிட்டிக்கு ஒண்டு, கல்சியத்துக்கு ஒண்டு எண்டு வாற வெளிநாட்டு ரெண்டு போத்தல் மருந்து வாங்கி வாங்கிக் கட்டுதில்லை. போன மாதம் கடையில இல்லவே இல்லை. அம்மா அப்பத்துக்கு வைச்சிருக்கிற சோடாவைப் போட்டாலும் அதேதான் எண்டு கூட்டாளி ஒருத்தன் சொல்றான். வெத்திலைச் சுண்ணாம்பும் கரைச்சு விடலாமாம். பிழைச்சால் அந்த அக்ரோபோராவைத் திருப்பி எடுக்கேலாது. செய்து பார்த்த ஆக்கள் சொல்லுங்கோ.

கொட்டாஞ்சேனை_ரீச்சர்:

தம்பி, கூட்டாளி சொன்னதில பாதி சரி. நான் இரசாயனவியல் படிப்பிச்ச ஆள், ஆறு வருசமா என்ர தொட்டிக்குக் கடைப்போத்தல் வாங்கேல்லை.

பவளம் எலும்பு கட்டுறது கல்சியம் காபனேற்றால. 1 டிகேஎச் இறங்கேக்க கல்சியம் 7 பிபிஎம் அளவுதான் இறங்கும். 400இல 7 போனால் கண்ணுக்குத் தெரியாது, 8இல 1 போனால் தெரியும். அதாலதான் அல்கலினிட்டி முதல்ல விழுற மாதிரி இருக்கு. உண்மையில ரெண்டும் ஒண்டாத்தான் போகுது, ரெண்டையும் ஒரே கணக்கில திருப்பிக் குடுக்கவேணும்.

84 கிராம் அப்பச்சோடாவை ஆர்ஓ தண்ணியில (உப்பெல்லாம் வடிகட்டின தண்ணி) கரைச்சு மொத்தம் ஒரு லீற்றர் ஆக்குங்கோ. இன்னொரு போத்தலில 73.5 கிராம் கல்சியம் குளோரைட்டு, அதுவும் ஒரு லீற்றர். இந்த நிறைக்குக் கலந்தால் ரெண்டிலயும் ஒரே அளவு மில்லிலீற்றர் விட்டால் போதும். உங்கட தொட்டி நாளைக்கு 0.5 டிகேஎச் குடிக்குது, அதுக்கு ஒவ்வொண்டிலயும் 27 மில்லிலீற்றர். சோடாவாப் பார்த்தால் ரெண்டேகால் கிராம். 500 கிராம் பக்கற் ஒண்டு ஏழு மாதத்துக்கு மேல வரும்.

பக்கற்றைத் திருப்பி வாசியுங்கோ. சோடியம் இருகாபனேற்று எண்டு மட்டும் இருக்கவேணும். பேக்கிங் பவுடர் வேற சாமான், அதில அமிலமும் மாவும் கலந்திருக்கு, தொட்டிப் பக்கமே கொண்டு போகாதேங்கோ. கல்சியம் குளோரைட்டு புறக்கோட்டையில இரசாயனச் சாமான் விக்கிற கடைகளில உணவுத் தரம் எண்டு கேட்டு வாங்குங்கோ. நீரேறினதோ நீரில்லாததோ எண்டும் கேளுங்கோ. நான் சொன்ன 73.5 கிராம் ரெண்டு நீர் மூலக்கூறு உள்ளதுக்கு. நீரில்லாதது எண்டால் 55.5 கிராம் போதும். கரைக்கேக்க நல்லாச் சூடாகும். தண்ணிக்குள்ள கொஞ்சம் கொஞ்சமாப் போடுங்கோ, ஆறுமட்டும் மூடியை இறுக்காதேங்கோ.

சோடாவைத் தட்டில பரப்பி கேக் சுடுற அவனில 200 பாகையில ஒரு மணித்தியாலம் வைச்சால் சோடியம் காபனேற்றா மாறும், அது பிஎச்சை ஏத்தும். ஏசி போட்டுப் பூட்டின அறையில பிஎச் 7.8க்குக் கீழ கிடக்கிற ஆக்களுக்கு அது நல்லது. உங்களுக்கு இப்ப தேவையில்லை.

நான் பிழை விட்டது அந்த வறுத்த சோடாவாலதான். முதல் வருசம், ஒரு வெள்ளிக்கிழமை இரவு, வேலையால வந்த களைப்பில ரெண்டு போத்தலையும் அடுத்தடுத்து ஒரே மூலையில ஊத்திப்போட்டன். ரெண்டு நிமிசத்தில தேங்காய்ப்பால் விட்ட மாதிரித் தண்ணி வெளிறிப் போச்சு. விடிய அல்கலினிட்டி பார்த்தால் போடுறதுக்கு முந்தி இருந்ததை விடக் குறைவு. பம்பைக் கழட்டினால் சுழலி முழுக்க நறநற எண்டு வெள்ளைப் பொருக்கு, வினாகிரியில ஊறவைச்சுத்தான் எடுத்தனான். மொன்டிபோரா ஒண்டு ஓரத்தால வெளுத்து ஒரு கிழமையில போயிட்டுது. அதுக்குப் பிறகு சோடா காலமையில, கல்சியம் பின்னேரத்தில, ரெண்டும் பம்பு வேகமா அடிக்கிற இடத்தில. ஒரு நாளும் மாத்திறேல்லை. 6.9ஐ ஏத்தேக்கயும் நாளைக்கு 1 டிகேஎச்சுக்கு மேல ஏத்தாதேங்கோ.

மக்னீசியத்தை முதல்ல கவனியுங்கோ, அது குறைவா இருந்தால் மற்ற ரெண்டும் பவளத்துக்குப் போகாமல் படிஞ்சு போகும். 1300க்குக் கொண்டுவர 18 கிராம் மக்னீசியம் வேணும். பாமசியில விக்கிற எப்சம் உப்பில பத்தில ஒரு பங்குதான் மக்னீசியம், அப்ப 180 கிராம் அளவு, நாலு நாளாப் பிரிச்சு. இந்த ஒரு தரம் பரவாயில்லை. தொடர்ந்து போடுறதெண்டால் மக்னீசியம் குளோரைட்டும் சேர்த்துத்தான் போடவேணும், இல்லாட்டிச் சல்பேற்று ஏறும்.

வெத்திலைச் சுண்ணாம்பும் பவளத் தொட்டிக்கெண்டு கல்க்வாசர் எண்ட பேரில விக்கிறதும் ஒரே கல்சியம் ஐதரொட்சைட்டுத்தான். ஆனால் அதில வேற என்ன கலந்திருக்கெண்டு ஒருத்தருக்கும் தெரியாது, தெளிஞ்ச தண்ணியே பிஎச் 12க்கு மேல. எனக்கு இன்னொரு காரணமும் இருக்கு. அம்பலாங்கொடை, ஹிக்கடுவைக் கரையில கனகாலம் பவளத்தை உடைச்சுச் சூளையில சுட்டுத்தான் சுண்ணாம்பு எடுத்தவை. அதைக் கரைச்சு உயிரோட இருக்கிற பவளத்துக்கு விட எனக்கு மனம் வராது.

தெகிவளை_உப்புக்காத்து:

ரீச்சர் சொன்னதோட ரெண்டு விசயம். நாங்க கடலோரம் இருக்கிற ஆக்கள். கல்சியம் குளோரைட்டுப் பையைத் திறந்து வைச்சா ஒரு இரவிலயே கசிஞ்சு கூழாகும், பிறகு நிறுத்தாலும் பாதி தண்ணி. வாங்கின அண்டைக்கே முழுக்க நிறுத்துக் கரைச்சிருங்க.

மற்றது டெஸ்ட் கிட். அதை நம்ப முந்திச் சோதிங்க. நகை நிறுக்கிற சின்னத் தராசில 3 கிராம் அப்பச்சோடா, ஒரு லீற்றர் ஆர்ஓ தண்ணி. அது 100 டிகேஎச். அதில 10 மில்லிலீற்றர் எடுத்து 100 ஆக்கினா 10 டிகேஎச். உங்க கிட் 10 காட்டுதா எண்டு பாருங்க.

வெள்ளவத்தை_மூண்டடி:

ரீச்சர், அண்ணா, ரெண்டு பேருக்கும் கனக்க நன்றி. இண்டைக்குச் செய்து பார்த்தன். 10 வரவேண்டிய இடத்தில 11.2 காட்டுது. மூண்டு தரம் பார்த்தன், மூண்டு தரமும் அதே. அப்ப என்ர 6.9 உண்மையில 6.2தானே?

கொட்டாஞ்சேனை_ரீச்சர்:

ஓம் தம்பி, 6.2. 8.4 எண்டு பார்த்தது 7.5. அப்ப நாளாந்தம் போறது 0.45 அளவு, 27 வேண்டாம், 24 மில்லிலீற்றரில தொடங்குங்கோ. கிட்டை எறியவேண்டாம், வாற எண்ணை 1.12ஆல பிரிச்சு எழுதுங்கோ. ஒரே நேரத்தில, லைட் போட முந்தி, ஒரு கிழமை ஒவ்வொரு நாளும் பார்த்து இங்க போடுங்கோ. அக்ரோபோரா நுனி வெள்ளையா வளருதோ, உரியுதோ எண்டு கிட்டப் போய்ப் படமும் எடுங்கோ.