மணல் வண்டிக்கு என்ன வீல், என்ன டயர், என்ன பேரிங்

குழு: உவரி வீட்டாளுவ

ரீகன்: மாமா, மணல்ல தள்ளுத வண்டிக்கு ஃபிரேம் வெல்டிங் முடிஞ்சிட்டு. ரோட்டுல இருந்து வள்ளம் வரைக்கும் தள்ளணும். வண்டி, வள்ளத்து எஞ்சின், நனைஞ்ச வலை, ஐஸ் பெட்டி எல்லாம் சேத்து 240 கிலோ வரும். பழைய ஆட்டோ வீல் 4.00-8 நாலு கிடைக்கு. 6202 பேரிங் போட்டு மாட்டிரவா?

சேவியர் மாமா: ரெண்டும் வேண்டாம்ல.

சேவியர் மாமா: ஆட்டோ டயர் 6 பிளை (அடுக்கு பலம்), சைடு கெட்டி. காத்தைக் குறைச்சாலும் பரந்து உக்காராது, மணலை வெட்டிக்கிட்டு இறங்கும். 240ஐ நாலாப் பிரி, வீலுக்கு 60 கிலோ. 20 பிஎஸ்ஐ காத்துல 43 சதுர சென்டிமீட்டர்தான் தரையில படியும், உள்ளங்கையில பாதி. 5 பிஎஸ்ஐ வச்சா 170. பூப்போல மணல்ல இந்த வித்தியாசந்தான் வண்டி போவதும் புதையுததும்.

விமலா அக்கா: டயருக்குள்ள இருக்க அழுத்தமும் தரையில விழுத அழுத்தமும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஆனா சைடு கெட்டியான டயருக்கு இந்தக் கணக்கு செல்லாது. காத்தே இல்லாட்டியும் ரப்பர் சுவரே பாரத்தைத் தூக்கி நிக்கும்.

ரீகன்: அப்ப எது வாங்க?

சேவியர் மாமா: சின்ன ஏடிவிக்கு (மணல்ல ஓடுத நாலு வீல் பைக்) வருதுல்லா, 16×8-7. வெளி விட்டம் 16 இஞ்ச், அகலம் 8, ரிம் 7. 2 பிளையோ 4 பிளையோ பாத்து வாங்கு, அதுக்கு மேல வேண்டாம். டயர் மேல இருக்க பட்டன் தேஞ்ச பழசு கிடைச்சா இன்னும் நல்லது. தள்ளுத வண்டிக்குப் பட்டன் தேவையில்ல, அது மணலைக் கிளறத்தான் செய்யும்.

ரீகன்: 145/70-6 விலை கம்மியா சொல்லுதாவ.

சேவியர் மாமா: அது குட்டை, அகலமும் குறைவு. வீல் சின்னதாப் போச்சுன்னா மணலை முன்னால குவிச்சு அது மேல ஏறப் பாக்கும், தள்ளுதவன் மூச்சு வாங்கும். துட்டு இருந்தா முதல்ல விட்டத்துக்குப் போடு, அப்புறம் அகலத்துக்கு.

சேவியர் மாமா: முன் வீலும் பின் வீலும் ஒரே தடத்துல ஓடணும். முன்னது அமுக்கிப் போட்ட தடத்துல பின்னது லேசா வரும். முன்னால ஒடுக்கிக் கட்டுனா நாலு தடத்தையும் நீதான் புதுசா உழணும்.

விமலா அக்கா: காத்து அளக்க பெட்ரோல் பங்க் மீட்டர் ஆகாது. அதுல 10க்குக் கீழ காட்டுதத நம்ப முடியாது. 0-15 அளவுல தனி கேஜ் வாங்கிக்கோ. 5-ல ஆரம்பி, டயர் மடங்கி ரிம் தட்டுனா 6 ஆக்கு.

ரீகன்: பிறகு இந்த வண்டியிலயே ஒரு எஞ்சின் பூட்டலாம்னு இருக்கேன் அக்கா.

விமலா அக்கா: எஞ்சின் வந்தா கதை வேற. இவ்வளவு குறைஞ்ச காத்துல ரிம் சுத்தும், டயர் நின்னுரும், கூடவே டியூப் இழுபட்டு வால்வு கழுத்து கிழியும். தள்ளுத வரைக்கும் அந்தப் பயம் இல்ல.

ரீகன்: 6202 ஏன் ஆகாது? பாரம் தாங்காதா?

விமலா அக்கா: பேரிங் தாங்கும். அதோட துளைக்குள்ள போவுத 15 மிமீ ஷாஃப்டு தாங்காது. ஒரு பக்கம் மட்டும் பிடிச்சு நீட்டிக்கிட்டு இருக்க ஷாஃப்டு குழியில விழுந்தா பாரம் மூணு மடங்கு ஆயிரும். 120 மிமீ நீட்டத்துக்கு 20 மிமீ எம்எஸ் (சாதா இரும்பு) ராடே வளைஞ்சிரும். 25 மிமீ போடு. விட்டம் கால்வாசிதான் கூடுது, வளையாத பலம் ஏறக்குறைய ரெண்டு மடங்கு. அதுக்கு 6205, உள் துளை 25, வெளி விட்டம் 52, தடிமன் 15. ரப்பர் சீல் உள்ள 2ஆர்எஸ்னு கேட்டு வாங்கு. இசட்இசட் வேண்டாம், அது வெறும் தகரம், இடுக்கு வழியா மணல் போவும்.

சேவியர் மாமா: விமலா, நம்ம மணலை மறந்துட்டியேம்மா. இந்தக் கரையில கார்னெட்னு கெட்டியான கல்லு மணல் கிடக்கு. தண்ணி பீச்சி இரும்பு அறுக்குத மெஷின்ல அதைத்தான் போடுதான். ரப்பர் சீல் உதட்டை அது அராவிரும். பிறகு உப்புத் தண்ணி உள்ள போயி கிரீஸ் பாலா மாறிரும், குண்டு துருப்பிடிச்சுக் கரகரங்கும். இவன் வண்டியை அலையடிக்குத இடம் வரை இறக்குவான். ஸ்டெயின்லெஸ் பேரிங் போட்டாலும் உப்புல அதுவும் புள்ளி விழும்.

விமலா அக்கா: வேற என்ன போட, மாமா?

சேவியர் மாமா: பிளாஸ்டிக் புஷ், குண்டு இல்லாத வெறும் வளையம். யுஹெச்எம்டபிள்யூங்கிற வழுக்குத பிளாஸ்டிக் ராடு வாங்கிக் கடைஞ்சு போடணும். நைலான் வேண்டாம், அது தண்ணி குடிச்சு ஊதி ஷாஃப்டைப் பிடிச்சுக்கும். நடக்குத வேகத்துல 16 இஞ்ச் வீல் நிமிஷத்துக்கு 65 சுத்துதான் சுத்தும். அதுக்கு குண்டு பேரிங்கே தேவையில்ல. ஷாஃப்டு 304 ஸ்டெயின்லெஸ்.

விமலா அக்கா: நடக்குத வேகத்துக்கு சரிதான். எஞ்சின் பூட்டுனா புஷ் சூடாகி இளகிருமே?

சேவியர் மாமா: அதுக்குத்தான் ஹப்பை (வீலோட நடுக்குடம்) 52 மிமீ போர் பண்ணச் சொல்லப் போறேன், ரெண்டு பக்கமும் 15 ஆழம். இப்ப அதே அளவுல புஷ், வெளிய 5 மிமீ காலர் விட்டு. பிறகு எஞ்சின் வந்தா புஷ்ஷைத் தட்டிட்டு 6205ஐ இறக்கிக்கோ. ஹப்பு, ஷாஃப்டு எதையும் மாத்த வேண்டாம்.

விமலா அக்கா: அருமையான யோசனை மாமா. ரீகன், லேத்துல சொல்லும்போது புஷ் உள் துளையை ஹப்புல அடிச்சு இறக்கின பிறகுதான் கடைசி அளவுக்கு கடையணும்னு சொல்லு. இறுக்கி அடிக்கும்போது உள்ள சுருங்கும். கடைசியில 25.3 நிக்கணும்.

ஜெனி மைனி: ஏல, கிரீஸ் அப்பிட்டு வந்து வீட்டு வாசல்ல நிறுத்திராத.

சேவியர் மாமா: புஷ்ஷுக்கு கிரீஸே கூடாது மைனி. மணல் ஒட்டி உப்புத்தாள் மாதிரி ஷாஃப்டைத் தேய்க்கும். வந்த உடனே ஒரு வாளி நல்ல தண்ணி ஊத்தி வீலை ரெண்டு சுத்து சுத்தி விட்டாப் போதும்.

விமலா அக்கா: பேரிங் மாத்துத அன்னைக்கு ரெண்டு காரியம். ரெண்டு பேரிங்குக்கும் நடுவுல உள் வளையத்தைத் தாங்குத ஸ்பேசர் குழாய் கண்டிப்பா வேணும். ஹப்புக்குள்ள பேரிங் உக்காருத ரெண்டு படிக்கும் இடையில உள்ள நீளம் என்னவோ அதே அளவு, 0.1 மிமீ கூடலாம், குறையக் கூடாது. குறைஞ்சா நட்டை முறுக்குதப்ப குண்டு பக்கவாட்டுல நசுங்கும், சீல் நல்லா இருந்தும் பேரிங் போயிரும். அடிச்சு இறக்கும்போது வெளி வளையத்துல மட்டும் அடி. உள் வளையத்துல சுத்தி பட்டா ஓடுபாதையில குண்டுத் தடம் விழும்.

ரீகன்: தண்ணி பம்பு வச்சு ஹப்பைக் கழுவலாமா?

விமலா அக்கா: சீல் மேல நேரா பீச்சாதே. வாளித் தண்ணிதான்.

ரீகன்: நட்டு எது மாமா?

சேவியர் மாமா: நுனியில எம்20 மரை, கோட்டை நட்டு (பின் போட வெட்டு விட்டது), 4 மிமீ ஸ்டெயின்லெஸ் ஸ்பிளிட் பின். புஷ் போட்டிருக்கும்போது நட்டை இறுக்காதே, வீல் பக்கவாட்டுல அரை மில்லியாவது ஆடணும். ஸ்டெயின்லெஸ் மரையில ஸ்டெயின்லெஸ் நட்டு கடிச்சுப் பிடிச்சுக்கும், அங்க மட்டும் ஆன்ட்டி-சீஸ் பேஸ்ட் தடவு. பின்னை ஒரு தடவை கழட்டுனா தூரப் போட்டுட்டு புதுசு போடு.

ரீகன்: சரி மாமா. நாளைக்கு திசையன்விளைக்கு ஃபிரேமைக் கொண்டு போறேன். லேத்துக்காரர்ட்ட 52 போர், 15 ஆழம், புஷ் 25.3.

சேவியர் மாமா: டயர் வாங்கி ரிம்மை அளந்த பிறகு ஹப்பு நீளம் சொல்லு. ரிம் போல்ட் துளை நாலா, அதோட வட்டம் எவ்வளவுன்னு பாக்காம ஹப்பு கடையச் சொல்லிராத.