ஆர்.பி. (ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா, மொதல்ல ராத்திரி பார்வை, அப்புறம் பகல் பார்வைன்னு போற பரம்பரை கண் நோய்) வீட்டுக்காரங்க வாங்க: இன்னும் மனசை விட்டுப் போகாத ஒரு சந்திப்பு சொல்லுங்க

பாலாத்துமணல் (குடியாத்தம்):
தம்பிக்கு ஆர்.பி., ரோடாப்ஸின்ற ஜீன்ல கோளாறு. மத்ததெல்லாம் உங்களுக்கே தெரியும். சிரசு திருவிழா வாணவேடிக்கைல என் சட்டைய புடிச்சிகினே நிக்கிறவன். செக்கப்ல டாக்டர கேட்டான், "சார், அந்த ஜீன் வேலை செய்யறது இருட்டுல பாக்கற ராடு செல்லுலதான், பகல்ல பாக்கற கோன் செல்லுக்கு ஒண்ணுமில்லன்றீங்க, அப்ப பகல் பார்வை இன்னாத்துக்கு போவுது?" அவர் பேனாவ கீழ வச்சிட்டு சொன்னாரு, கண்ணுக்குள்ள ரெட்டினாவுக்கு (விழித்திரை) வர ஆக்ஸிஜன்ல பெரும்பங்கு தின்றது ராடுதான், அதுங்க செத்தப்புறமும் பின்னாடி இருக்கற கோராய்டுன்ற ரத்தக்குழாய் படலம் ரத்தத்த அதே அளவு கொண்டாந்து கொட்டிகினே இருக்குது, பந்தில ஆளு எழுந்து போயிட்டாங்க ஆனா பரிமாறவர் நிறுத்தல, மிச்சமாகற ஆக்ஸிஜன்தான் கோன அரிக்குதுன்னு. தம்பி கொஞ்ச நேரம் கம்முனு இருந்துட்டு, "அப்ப மூச்சு கம்மியா விட்டா ஆவுமா சார்?" னான். விளையாட்டுக்கு கேக்கல. டாக்டரும் சிரிக்கல. காட்பாடில பஸ் மாறி ஊர் வர வரைக்கும் அவன் மூஞ்சிய நான் பாக்கவே இல்ல.

வாலாஜாக்காரி:
அக்காவுக்கு ஸ்டார்கார்ட், அது நடுப்பார்வை போற வேற ஒரு பரம்பரை கண் நோய். யாரோ சொன்னாங்கன்னு மாமா ஒரு "கண் டானிக்" பாட்டில் வாங்கியாந்தாரு, ஆன்டிஆக்ஸிடன்ட்னு பெருசா போட்டு இருந்துது. டாக்டரம்மா அத வாங்கி பின்னாடி திருப்பி வைட்டமின் ஏ-ன்ற வரிய பேனாவால வட்டம் போட்டாங்க, பக்கத்துல இருந்த குப்பைக்கூடைல போட்டாங்க. மாமா காசு போச்சேன்னு கூடையவே பாத்துகினு இருந்தாரு. வைட்டமின் ஏ யாரும் தொடாதீங்க.

ராணிப்பேட்டை ரவுண்டானா:
"யாரும் தொடாதீங்க"ன்னு பொத்தாம்பொதுவா சொல்லாதீங்க சிஸ்டர். ஸ்டார்கார்ட்ல ஏ வேஸ்டா மாறி ரெட்டினாக்கு பின்னாடி சேரும், அதனால அவங்களுக்கு கூடாது. ஆர்.பி.-ல 1993-ல பாஸ்டன்ல ஆராய்ச்சி பண்ணப்ப ஏ தினம் 15,000 யூனிட் எடுத்தவங்களுக்கு ஈ.ஆர்.ஜி. (ரெட்டினா எவ்ளோ வேலை செய்யுதுன்னு மின்சார சிக்னல்ல அளக்கற டெஸ்ட்) இறங்கறது கொஞ்சம் மெதுவாச்சு, ஆனா ஆன்டிஆக்ஸிடன்ட்னு நம்ம எல்லாரும் நினைக்கிற வைட்டமின் ஈ 400 யூனிட் எடுத்தவங்களுக்கு வேகமாச்சு! அத வச்சும் நாளைக்கே மெடிக்கல் ஷாப்புக்கு ஓடாதீங்க, ஏ அதிகமானா லிவருக்கு கெடுதி, கர்ப்பமா இருந்தா குழந்தைக்கு ஆபத்து. இப்ப எல்லாரும் கேக்கறது என்.ஏ.சி. (அசிட்டைல்சிஸ்டைன்), சளிக்கு தண்ணில கரைச்சு குடுப்பாங்களே அதே மாத்திரை, பாராசிட்டமால் ஓவர்டோஸுக்கும் அதான் மருந்து. ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல 30 பேருக்கு 6 மாசம் குடுத்து பாத்து 2020-ல போட்டாங்க, பார்வை லேசா நல்லாச்சு, ஆனா அதுல டம்மி மாத்திரை குரூப்பே கிடையாது. டம்மியோட பெரிய ட்ரயல் 2023-ல ஆரம்பிச்சாங்க. டாக்டர கேக்காம ஆரம்பிக்காதீங்க. பீடி சிகரெட்ட நிறுத்துங்க, அதுக்கு எந்த ட்ரயலும் வேணாம். என் கதையா? எனக்கே ஆர்.பி., தோல் ஷாப்ல வேலை, சாயங்கால ஷிப்ட் வேணாம்னு கேட்டதுக்கு சூப்பர்வைசர் "மாலைக்கண்ணுக்கு ஈரல் தின்னுயா"ன்னாரு, அவ்ளோதான்.

ஆரணிரோடு:
@பாலாத்துமணல் ஆக்ஸிஜன் மட்டும் இல்லீங்க. ராடு ஒரு புரதம் சுரக்கும், அது இருந்தாதான் கோன் குளுகோஸ் இழுக்கும், ராடு போனா அதுவும் போச்சு. பாரீஸ்காரங்க கண்டுபுடிச்சது. அப்புறம், சொந்தத்துல கட்டிக்கிறத நாம நிறுத்தற வரைக்கும் இது தீராது.

பாலாத்துமணல்:
சொந்தத்துல கட்டினா வர வகை வேற அண்ணே, எங்களது டாமினன்ட். நைனாவுக்கும் இருந்துது, அம்மா திருப்பத்தூர், எந்த உறவும் கிடையாது. ஒரு ஜீன் கெட்டாலே போதும், குழந்தைக்கு பாதிக்கு பாதி. கல்யாணப் பேச்ச எடுத்தா தம்பி எழுந்து போறதே அதனாலதான். குளுகோஸ் மேட்டர் புதுசு, அடுத்த செக்கப்ல கேக்க சொல்றேன். @வாலாஜாக்காரி அந்த பாட்டில் பேரு மட்டும் இன்பாக்ஸ்ல அனுப்புங்க, அதே மாதிரி ஒண்ணு எங்க வூட்டு பிரிட்ஜ் மேல இருக்குது.