ஈய-அமில பேட்டரிக்கு எத்தனை ஆம்பியர்?

மேலூர்க்காரன்: என் மின் ஸ்கூட்டரில் 12 வோல்ட், 20 ஆம்பியர்-மணி பேட்டரிகள் நான்கு தொடராக இருக்கின்றன. பழைய சார்ஜர் 2.5 ஆம்பியர். மாட்டுத்தாவணியில் ஒரு கடைக்காரர் 8 ஆம்பியர் சார்ஜரைக் காட்டி, சீக்கிரம் ஏறிவிடும் என்கிறார். வாங்கலாமா அண்ணா?

பேட்டரிப் பட்டறை: வேண்டவே வேண்டாம் தம்பி. கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கிலிருந்து எட்டில் ஒரு பங்கு, அதாவது 2 முதல் 2.5 ஆம்பியர்தான் நிதானம். 8 ஆம்பியரில் மூடிய பேட்டரி சூடேறும், வாயு கசியும், உள்ளே நீர் வற்றும். பக்கச்சுவர் உப்பிய பேட்டரிகளை வாரந்தோறும் பார்க்கிறேன், மனம் பொறுக்கவில்லை. சார்ஜரின் வோல்ட்டையும் பாருங்கள்: நான்கு பேட்டரிக்கும் சேர்த்து உச்சம் 58-59, நிறைந்ததும் 55 அளவுக்கு இறங்க வேண்டும்.

மேலூர்க்காரன்: ஓட்டி வந்ததும் போடலாமா?

திருமங்கலம் அக்கா: சித்திரை வெயிலில் வந்த வண்டி முதலில் நிழலில் ஆறட்டும். அதற்காகக் காலியாகவே இரவு முழுவதும் விடாதீர்கள். பேட்டரிக்குள் இருக்கும் ஈயத் தகடுகளில் சல்பேட் என்ற உப்பு படியும்.